இரண்டே முக்கால் அடி உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்

ரசமட்டத்தை எனக்கு முதல் நாளே பிடிக்காமல் போனது. எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் எழுதிய திரைக்கதையை அந்த மனிதர் கையால்கூடத் தொடவில்லை.

"நான் புக்கைத்தான் படிப்பேன், ரைட்டரம்மா. நீங்க எழுதுனது நடிக்கிறவங்களுக்கு. வீடு எதுல இருக்கோ அதுலதானே வீடு கட்டுறவன் பாக்கணும்?" என்றார்.

அவர் படப்பிடிப்புக் கூடத்தின் தலைமைத் தச்சர். ஐம்பது வயது. சட்டைப் பையில் உள்ளங்கை அளவில் ஒரு ரசமட்டம் எப்போதும் இருக்கும். பலகை, நிலை, படிக்கட்டு என்று எதைப் பார்த்தாலும் அதன்மேல் வைத்து, உள்ளே குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால்கூட வைத்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். அதனால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

நாவலை அவர் படித்த விதம் தனி. காதில் செருகியிருக்கும் தட்டைப் பென்சிலை எடுத்து, கதவு, ஜன்னல், படி, அலமாரி என்று எது வந்தாலும் அடியில் கோடு போடுவார். ஓரத்தில் அளவு எழுதுவார். கதாநாயகி அழுகிற இடங்களில் அவருக்குக் கோடே கிடையாது. அவள் எதில் சாய்ந்துகொண்டு அழுதாள் என்பதில்தான் கோடு.

"நாப்பதாம் பக்கத்துல இந்த ஜன்னல்ல காலை வெயில் வருது. நூத்திப் பன்னெண்டுல அதே ஜன்னல்ல சூரியன் மறையுது. எழுதுனவங்க ஒரு தடவை எழுந்து போய்ப் பாத்திருக்கலாம்" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார், ஏதோ நான்தான் அந்த நாவலை எழுதியதுபோல. எழுதிய அம்மையார் வேறு. உரிமையை எழுதிக் கொடுத்த கையோடு, "என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க, என்னை மட்டும் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு போனைக்கூட எடுக்கவில்லை.

அந்த நாவலின் கதையைச் சொல்லிவிடுகிறேன், சின்னக் கதைதான். ஒரு வீடு. கணவன், மனைவி, ஒரு குழந்தை. ஒருநாள் காலையில் அந்தப் பெண் பின்னறைக்குள் போகிறாள். சாயங்காலம் வெளியே வருகிறாள். அன்றிலிருந்து சாகும்வரை அவள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. உப்புக் குறைந்தாலும் கேட்பதில்லை, உடம்புக்கு முடியாவிட்டாலும் கேட்பதில்லை. அறைக்குள் என்ன நடந்தது? நாவலில் மூன்றே சொல்தான்: "அறைக் கதவு சாத்தியிருந்தது."

படிக்கிறவர்களுக்கு அது போதும். படம் எடுக்கிற எங்களுக்கு எப்படிப் போதும்? யார் சாத்தினார்கள்? அவளேவா, வேறு யாராவதா? கேமராவை அறைக்கு உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா? எட்டு மாதத்தில் நாலு மாதம் எனக்கு அந்த மூன்று சொல்லிலேயே போனது. பதினொரு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

இயக்குநருக்கும் மண்டை காய்ந்துபோய், ஆலோசனைக்கு என்று ஒரு மனநல மருத்துவரை அழைத்து வந்தார். படப்பிடிப்புக் கூடத்தில் அவருக்கு மனசு டாக்டர் என்று பெயர் விழுந்தது. நல்ல மனிதர், ஆனால் பேச ஆரம்பித்தால் மின்சாரம் போனால்தான் நிறுத்துவார்.

"நாவல்ங்கிறது ஒரு ஆளோட கனவும்மா" என்று எனக்குப் பாடம் எடுத்தார். "அதைப் படமா எடுக்கிறது, அதே கனவை இன்னொரு ஆள் படுத்துக் காண்றது. அப்போ என்ன ஆகும்? இடம் மாறும். ரெண்டு பேர் ஒரே ஆளா ஆயிடுவாங்க. ஒருத்தர் செஞ்ச காரியம் இன்னொருத்தர் கைக்குப் போயிடும். நீங்க எதை வெட்டுறீங்க, எதைச் சேக்குறீங்கன்னு பாத்தாலே போதும், உங்க மனசுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லிடலாம்."

"நான் வெட்டுனதெல்லாம் படம் ரெண்டரை மணி நேரத்துக்குள்ள அடங்கணும்னு, டாக்டர்."

"அப்படித்தான் நினைச்சுக்குவீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அவர்மேல் தண்ணீரை ஊற்றலாம் போலிருந்தது.

வீடு கட்டி முடிந்ததும் எல்லோரும் பார்க்கப் போனோம். ஒட்டுப்பலகையில் கட்டியது என்று யாரும் சொல்ல முடியாது. தரையில் நடந்து நடந்து தேய்ந்த வழிகூட இருந்தது. பின்னறைக் கதவுக்கு வந்தபோது இயக்குநர் நின்றுவிட்டார்.

கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள். பழைய இரும்புத் தாழ்ப்பாள், அதன்மேல் உரிந்துபோன நீலப் பெயின்ட். என் இடுப்பளவுகூட இல்லை, அவ்வளவு தாழ்வாக இருந்தது.

"இதை யார் வைக்கச் சொன்னது?" என்றார் இயக்குநர்.

"புக்குல இருக்கு சார்" என்றார் ரசமட்டம்.

"புக்குல இல்லியே" என்றேன் நான். எனக்கு அந்தப் பக்கம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

அவர் என்னைப் பாவம்போலப் பார்த்தார். பிறகு தோள்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, மடித்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, விரலை வைத்தார். அறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் கீழே கோடு. ஓரத்தில் தட்டைப் பென்சிலால் அழகாக ஒரு தாழ்ப்பாள் படம். பக்கத்தில், வெளிப்பக்கம், இரண்டே முக்கால் அடி, நீலம் என்று எழுதியிருந்தது.

"இது நீங்க வரைஞ்சது, அண்ணே. அச்சுல எங்க இருக்கு?"

அவர் அந்தப் பக்கத்தைப் படித்தார். முந்தைய பக்கத்தைப் படித்தார். அடுத்ததைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். முகம் போன போக்கைப் பார்த்ததும், கிண்டல் செய்யலாம் என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"இருந்துச்சு, ரைட்டரம்மா. நான் படிச்சேன். பெயின்ட் உரிஞ்சிருந்துச்சுன்னு இருந்துச்சு" என்றார்.

இதற்குள் இயக்குநர் குதிக்க ஆரம்பித்திருந்தார். "அடடா, இதுதான்யா! புருஷன்தான் வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டான்! நாலு மாசமாத் தேடுனது இதைத்தான்!" மனசு டாக்டரும் சேர்ந்துகொண்டார். தாழ்ப்பாள் என்றால் அதிகாரம், அதிகாரம் என்றால் தகப்பன் என்று ஆரம்பித்தார். அந்த மனிதருக்கு எதை எடுத்தாலும் தகப்பன்தான். டீ டம்ளரைக் கீழே வைத்தாலும் அதில் ஒரு தகப்பன் இருப்பார்.

ரசமட்டம் மட்டும் எதையும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் அவர் கையில் இரண்டு புத்தகம் இருந்தது. முதல் புத்தகத்தில் அச்சகத்துக்காரன் ஒரு வரியை விட்டுவிட்டானோ என்று சந்தேகப்பட்டு, கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்திருந்தார். அதிலும் அதே மூன்று சொல்தான். இரண்டு புத்தகத்தையும் பலகைமேல் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, வரி வரியாக விரலை ஓட்டினார். பக்க எண்ணைக் கூட்டிப் பார்த்தார். தையலில் ஏதாவது தாள் கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐம்பது வயது மனிதர், நூற்றுக்கணக்கில் வீடு கட்டியவர், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவர்போல அந்தப் பக்கத்துக்குள் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி எழுத்தாளர் புத்தி. நான் நாலு மாதம் திறக்க முடியாத கதவுக்கு இவர் கையில் சாவி இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மதிய இடைவேளையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அந்தத் தாழ்ப்பாள் உங்க வீட்டுதா?"

சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்தார். பிறகு, "எங்க பழைய வீட்டுல இருந்துச்சு. ஆனா அதை நான் இங்க வைக்கல. புக்குல இருந்துதான் வெச்சேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்ப எது புக்கு, எது வீடுன்னு புரியல" என்றார்.

அப்படித்தான் அவர் கதையைக் கேட்டேன். அவருடைய அப்பா சரக்கு லாரி ஓட்டியவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அம்மாவுக்குத் தையல் தெரியும். ரசமட்டத்துக்கு ஆறு வயதாக இருந்தபோது, அம்மாவுக்கு வேறொரு ஊரில் தையல் ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஒரு வருடம் விடுதியில் தங்கிப் படித்தால் பள்ளிக்கூடத்தில் வேலை. அன்றைக்குக் காலை பத்து மணி ரயிலைப் பிடித்துப் போய்ச் சேர வேண்டும். அம்மா சேலை மாற்றப் பின்னறைக்குள் போனாள். யாரோ வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டார்கள். சாயங்காலம்தான் கதவு திறந்தது. ரயிலும் போனது, இடமும் போனது. அதற்கப்புறம் அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து அக்கம்பக்கத்தாருக்குப் பாவாடை ஓரம் அடித்துக் கொடுத்தாள். யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். "யார் போட்டாங்க, அண்ணே?"

"வேற யாரு? எங்கப்பன்தான்" என்றார். "பொண்டாட்டி வேலைக்குப் போறது பொறுக்கல. ஊரே கேட்டுச்சு, ஆமா நான்தான் போட்டேன்னாரு. பதினஞ்சு வயசுல நானும் கேட்டேன். 'ஆமா, போட்டேன். அதுக்கென்ன இப்ப?'ன்னாரு. அன்னைக்கோட பேச்சை விட்டேன்."

முப்பத்தைந்து வருடம். இதில் கடைசிப் பதினொரு வருடம், அம்மா போனதற்குப் பிறகு, அப்பா இவர் வீட்டிலேயே இருக்கிறார். ஒரே கூரை, ஒரே சமையல். பேச்சு மட்டும் இல்லை. நடுவில் மனைவி நின்று இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டு போவார். அவரைச் சாப்பிடச் சொல்லு. மாத்திரை போட்டாச்சான்னு கேளு. அப்பாவும் அப்படித்தான், மருமகளிடம் சொல்வார்: அவன் இருமுறான், கஷாயம் போட்டுக் குடும்மா.

"உங்கப்பா தாழ்ப்பாள் போட்டதை நீங்க பாத்தீங்களா, அண்ணே?"

"பாத்தேனே" என்றார் சட்டென்று. பிறகு நெற்றியைச் சுருக்கினார். "தாழ்ப்பாளைப் பாத்தேன். என் கண்ணுக்கு நேரா இருக்கு. பெயின்ட் உரிஞ்சிருக்கு. என் மடியில அம்மா செருப்பு இருக்கு, எதுக்குன்னு தெரியல. சத்தம் ஒண்ணும் இல்ல. படத்துல சத்தத்தை அமுக்கிட்டுப் பாக்குற மாதிரி இருக்கு. அப்பன் பக்கத்துலதான் எங்கியோ நிக்கிறாரு."

"எங்க நிக்கிறாரு?"

"பக்கத்துல. எங்கியோ." கையால் காற்றில் ஓர் இடத்தைக் காட்டப் பார்த்தார். கை அங்கேயும் இங்கேயும் அலைந்துவிட்டு மடிக்கு வந்தது.

நான் அன்றைக்கே உட்கார்ந்து காட்சியை எழுதிவிட்டேன். கணவன் தாழ்ப்பாள் போடுகிறான். அவருடைய அம்மாவின் வாழ்க்கையை அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது, ஆனால் எழுத்து விறுவிறுவென்று வந்தது. இரண்டும் உண்மை.

ஒத்திகை நாள். கணவனாக நடித்தவர் ஆறடி இரண்டு அங்குலம். மனைவி உள்ளே போகிறாள். அவர் மெல்ல நடந்து வருகிறார். கண்ணில் கோபம், தாடையில் இறுக்கம், எல்லாம் கச்சிதம். கதவை இழுத்துச் சாத்துகிறார். தாழ்ப்பாளுக்காகக் கையை நீட்டினால், தாழ்ப்பாள் அங்கே இல்லை, தொடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனிதர் இடுப்பை மடித்து, முட்டியை வளைத்து, பின்பக்கத்தைக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டு குனிந்து போட்டார். விளக்குப் பிடிக்கிறவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள்.

"கட்!" என்றார் இயக்குநர். "தொலைஞ்சு போன சில்லறையைத் தேடுற மாதிரி இருக்கு. யாருய்யா இவ்வளவு கீழ தாழ்ப்பாள் வைப்பான்? மாஸ்டர், அதைக் கழட்டி மேல வைங்க. நெஞ்சு உயரத்துக்கு."

ரசமட்டம் திருப்புளியோடு வந்தார். கதவின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தாழ்ப்பாள் அவர் கண்ணுக்கு நேராக வந்தது. திருகாணியில் திருப்புளியை வைத்தார். திருகவில்லை.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. "மாஸ்டர்?" என்றார் இயக்குநர்.

"எங்கப்பன் இவரை விட உயரம்" என்றார் ரசமட்டம். யாரிடம் சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. "அவரு குனிஞ்சு நான் பாத்ததே இல்ல, ரைட்டரம்மா. என் ஞாபகத்துல யாருமே குனியல."

திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை நீட்டித் தாழ்ப்பாளைப் பிடித்தார். இழுத்தார், போட்டார். இழுத்தார், போட்டார். அவருடைய கை அதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது. பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். மனசு டாக்டர்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தகப்பன் என்று அவர் அடித்துச் சொன்னது அவருக்கே நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

மரம் அடுக்கி வைக்கும் கொட்டகையில் அவரைக் கண்டுபிடித்தேன். பலகைகளின்மேல் உட்கார்ந்து, அவருடைய அக்காவுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். விரல் தவறி ஸ்பீக்கர் பொத்தானில் பட்டு, அக்காவின் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. அக்கா அவரைவிட மூன்று வயது மூத்தவர். நான் வெளியே போக எழுந்தேன். உட்காருங்க என்று கையைக் காட்டினார். தனியாகக் கேட்கப் பயம்போல.

"அக்கா, அம்மாவை அன்னைக்கு ரூம்ல வெச்சுத் தாழ்ப்பாள் போட்டது யாரு?"

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. "இப்ப எதுக்குடா அது?"

"சொல்லுக்கா."

"உனக்குத் தெரியாதா?"

"அப்பான்னுதான் தெரியும்."

"என்னடா சொல்றே? நிஜமாவே உனக்குத் தெரியாதா?" அக்காவின் குரல் உயர்ந்தது. "அப்பா அன்னைக்கு ஊர்லயே இல்லடா. லோடு ஏத்திக்கிட்டுப் போயி மறுநாள்தான் வந்தாரு. நான் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வர்றேன், நீ கதவுக்கு முதுகைக் குடுத்து உக்காந்திருக்கே. மடியில அம்மா செருப்பு. உள்ள இருந்து அம்மா, 'கண்ணு, திறடா, கண்ணு'ன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருக்கு. நீ அசையல. நான்தான் உன்னைத் தள்ளிட்டுத் திறந்தேன்."

ரசமட்டத்தின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"மறுநாள் மாமா வந்து சத்தம் போட்டாரு, எவன்டா என் தங்கச்சியை அடைச்சு வெச்சதுன்னு. நீ போயி கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டே. அம்மா அப்பாவைப் பாத்தாங்க. அப்பா உடனே, 'நான்தான், விடியக்காலையில கிளம்பும்போது போட்டுட்டுப் போனேன்'னாரு. அப்புறம் அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, 'இது பிள்ளை தலையில ஏறக்கூடாது, நீயும் வாயைத் திறக்கக்கூடாது'ன்னு சத்தியம் வாங்குனாங்க."

"நான் ஏன்க்கா..."

"உன்னை விட்டுட்டுப் போயிடுவாங்கன்னுதான். வேற எதுக்கு? ஆறு வயசுடா உனக்கு." அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். அழுகையோடு கோபமும் வந்தது. "உனக்குத் தெரியும்னுல்ல நான் நெனச்சேன்! எல்லாம் தெரிஞ்சும் அந்த மனுஷன்கிட்ட இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருக்கியே, என்ன நெஞ்சழுத்தம்னு உன்மேல எனக்கு எத்தனை வருஷமாக் கோவம் தெரியுமா?"

போனை வைத்த பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் பாத்த அப்பா எங்க இருந்து வந்தாரு, ரைட்டரம்மா?" என்று கேட்டார். "பக்கத்துல நின்னாரே."

மனசு டாக்டர் முன்பு சொன்னது ஞாபகம் வந்தது, ஒருத்தர் செய்த காரியம் இன்னொருத்தர் கைக்குப் போய்விடும் என்று. அதை அந்த நேரத்தில் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அம்மா கதையை எழுதியிருக்கிறாள், அப்பா நடித்திருக்கிறார், இந்த மனிதர் முப்பத்தைந்து வருடம் அதைப் பார்த்துக் கோபப்பட்டிருக்கிறார். நாவலில் இல்லாத தாழ்ப்பாளை நாங்கள் படத்தில் வைத்தோம் என்று நினைத்தால், அந்தத் தாழ்ப்பாளே இவர் மனசுக்குள் ஓடிய ஒரு படத்திலிருந்து வந்திருக்கிறது.

படத்தில் அந்தக் காட்சி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கணவன் தாழ்ப்பாள் போடும் காட்சியைக் கிழித்துப் போட்டேன். இயக்குநர் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. கடைசியில் தாழ்ப்பாள் இரண்டே முக்கால் அடியிலேயே இருந்தது, போட்டபடி. யார் போட்டார்கள் என்று காட்டவில்லை. படம் பார்த்தவர்கள் பலரும் கணவன் என்றே நினைத்துக்கொண்டார்கள், அது ஏன் அவ்வளவு கீழே இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அப்பா ஏன் மறுக்கவில்லை? பதினைந்து வயதில் நேருக்கு நேர் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே? அம்மா செத்த பிறகாவது? அக்கா பொய் சொல்கிறாளோ? வீட்டு வாசலுக்கு வந்தபோது, "என்ன பேசுறதுன்னு தெரியல. எப்படிக் கூப்பிடுறதுன்னே தெரியல" என்றார்.

சின்ன வீடு. முன்னறையில் ஜன்னலோரமாக ஒரு கட்டில். அதில் ஒரு முதியவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எண்பது வயதிலும் நெடிய உடம்பு, கட்டிலின் நீளம் போதாமல் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மகன் ஒரு பெண்ணோடு வருவதைப் பார்த்ததும் மரியாதைக்குக் காலை மடக்கிக்கொண்டார். சமையலறையில் மனைவி ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார்.

ரசமட்டம் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றார். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்தார், பார்த்தார், திரும்பப் பைக்குள் போட்டார்.

"அம்மாவை அன்னைக்கு உள்ள வெச்சு யாரு தாழ்ப்பாள் போட்டது?" என்று கேட்டார். குரல் அவருடைய குரலாக இல்லை.

சமையலறையிலிருந்து மனைவி கரண்டியோடு ஓடி வந்தார். பதினொரு வருடப் பழக்கம். புருஷனைப் பார்த்தார், மாமனாரிடம் குனிந்தார். "மாமா, அத்தையை யாரு உள்ள வெச்சுத் தாழ்ப்பாள்..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குக் கேட்டுச்சும்மா" என்றார் முதியவர்.

மனைவி பாதியில் நிறுத்தினார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

முதியவர் மகனை நிமிர்ந்து பார்த்தார். "நான்தான் போட்டேன்" என்றார்.

"அக்கா சொல்லிட்டா."

முதியவர் கண்ணை மூடினார். திறந்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். "அவளுக்கு வாய் நிக்காது. சின்னதுல இருந்தே அப்படித்தான்" என்றார்.

"ஏன் சொல்லல? நான் என்னென்ன பேசியிருக்கேன். எத்தனை வருஷம்..." ஐம்பது வயது மனிதர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

"இங்க பாரு" என்றார் முதியவர். பொறுமையாக, கணக்குத் தப்பிய பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "அந்த ரூமுக்குள்ள பக்கத்து வீட்டுப் பூனை வந்து எல்லாத்தையும் உருட்டிக்கிட்டு இருந்துச்சு. நீயும் அக்காவும் சாத்தி வைக்கணும்னு ஒரு தாழ்ப்பாள் வாங்கியாந்தேன். உங்க அம்மா நெஞ்சு உயரத்துக்கு வைக்கச் சொன்னா. நான்தான் பிள்ளைங்களுக்கு எட்டட்டும்னு கீழ வெச்சேன். உன்னை நிக்க வெச்சு அளவெடுத்துத்தான் வெச்சேன்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"உனக்கு எட்டுற மாதிரி வெச்சது யாரு? நான். அப்புறம் போட்டது யாருன்னா, நான்தானே?"

ரசமட்டம் மெல்லக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மடக்கிய கால் வலித்திருக்க வேண்டும், முதியவர் அதை மறுபடி நீட்டினார். மகன் சற்று நகர்ந்து இடம் விட்டார்.